வானத்தில் அது என்ன வெளிச்சம்? சுவரோரம் நின்று கண்டுபிடிக்கலாம்

இதுவரை பார்த்திராத ஒரு வெளிச்சம் வானத்தில் பளிச்சென்று நிற்கிறதா? போனைப் பையில் போட்டுவிட்டு முதலில் ஒரு சுவரோரமாகப் போய் நில்லுங்கள். சுவர் இல்லையா, விளக்குக் கம்பம், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, தென்னை மரத்தின் அடிமரம், எதுவானாலும் சரி (தென்னை மட்டை வேண்டாம், அது காற்றில் ஆடும், நீங்கள் வெளிச்சம்தான் ஆடுகிறது என்று நினைப்பீர்கள்). தலையைச் சுவரில் சாய்த்து, அந்த வெளிச்சம் விளிம்பை ஒட்டித் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், நம் கண்ணை நம்ப முடியாது. இருட்டில் ஒற்றைப் புள்ளி வெளிச்சத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாததால், அது மெல்ல நகர்வது போலவும் வட்டம் போடுவது போலவும் தோன்றும். கண்விழி சும்மா இருக்காது, சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருக்கும், மூளை அந்தக் கணக்கை வெளிச்சத்தின் தலையில் எழுதிவிடும். இருட்டில் ஒற்றை விளக்கைப் பார்த்தபடி பறக்கும் விமானிகளுக்கே இதைச் சொல்லிக்கொடுத்து எச்சரிப்பார்கள். "அது ஆடிச்சு, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. சுவரோரம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும்? பூமி சுற்றுவதால் வானம் மொத்தமும் மணிக்கு 15 டிகிரி மேற்கே நகர்கிறது. கையை முழுசாக நீட்டி சுண்டுவிரலை வானத்தில் வைத்தால் அதன் அகலம் ஏறக்குறைய 1 டிகிரி. ஆக, ஐந்து நிமிடத்தில் உங்கள் வெளிச்சம் சுண்டுவிரல் அகலத்துக்குச் சற்றே அதிகமாக மேற்குப் பக்கம் போயிருந்தால் அது வானத்தோடு சேர்ந்து போகிறது: நட்சத்திரம் அல்லது கிரகம். (வடக்கே துருவ நட்சத்திரத்தின் பக்கம் மட்டும் இந்த நகர்வு மிகக் குறைவு.) அதைவிட வேகமாகப் போனாலோ, எதிர்த்திசையில் போனாலோ, ஒரேயடியாக மறைந்துவிட்டாலோ, அது நம் ஊர்க்காரன், பூமியைச் சேர்ந்தது. பாதி வேலை இங்கேயே முடிந்தது.

இந்தச் சோதனையைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் இருந்த நம் ராணுவ வீரர்கள், ஒரு ஏரிக்கு மேலே அடையாளம் தெரியாத பொருள்கள் பறப்பதாக 329 முறை குறிப்பெழுதினார்கள். அதில் 155 முறை அவை எல்லை தாண்டி உள்ளே வந்ததாகவும் பதிவானது. சீனாவின் உளவு டிரோன்கள் என்று சந்தேகம். கடைசியில் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்து ஆட்களிடம் கேட்டார்கள். விசாரித்ததில் அந்த 'டிரோன்கள்' வியாழனும் வெள்ளியும். அந்தக் குளிர்காலத்தில் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே இருந்ததால் இரவெல்லாம் தெரிந்தது, வெள்ளி விடியலில் கிழக்கே நின்றது. மலை உச்சியின் தெளிவான காற்றில் கிரகங்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதை நாமெல்லாம் ஊரிலிருந்து கற்பனைகூடச் செய்ய முடியாது, அதிலும் எதிரியை எதிர்பார்த்துக் காத்திருக்கிற கண்ணுக்கு. அந்த வீரர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், ஆறு மாதம் தீராத குழப்பத்தைத் தீர்த்தது அது எவ்வளவு பிரகாசம், என்ன நிறம் என்ற வர்ணனை இல்லை, எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்ற கணக்குத்தான்.

எனக்கு வரும் போன்களில் இந்தக் கணக்குத்தான் எப்போதும் இருக்காது. "தம்பி, வானத்துல ஒண்ணு ரொம்பப் பளபளன்னு நிக்குது, என்னன்னு சொல்லு" என்பார் மதுரைப் பக்கம் இருக்கும் பெரியம்மா. எந்தப் பக்கம் பெரியம்மா என்று கேட்டால், "நம்ம வாசலுக்கு நேரா." அவர் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது, மணி ஏழு என்பதால் தப்பித்தேன், வெள்ளி என்று சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் 'ரொம்பப் பளபள' என்பதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: மணி என்ன, எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. குழந்தைக்குக் கை சின்னது, ஆனால் முஷ்டியும் சின்னது, அதனால் எல்லாருக்கும் ஏறத்தாழ சரியாக வரும். திசைக்கு, அன்றைக்குச் சூரியன் எங்கே மறைந்தது என்பதை நினைவு வைத்திருந்தால் போதும்.

சரி, வேகமாக நகர்கிறவற்றை முதலில் முடித்துவிடலாம்.

பெரும்பாலும் விமானம். சிவப்பும் பச்சையும் சிமிட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏமாற்றுவது நம்மை நோக்கி நேராக வரும் விமானம்தான், அதன் முன் விளக்கு மிகப் பிரகாசம், நேராக வருவதால் இடம் மாறுவதே தெரியாது, சில நிமிடம் வானத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். சத்தம்கூட அப்போது கேட்காது. விமான நிலையத்துக்கு இறங்கும் பாதைக்கு நேர்கீழே குடியிருக்கிறவர்களுக்கு இது தினப்படி காட்சி.

சிமிட்டாமல், சத்தம் இல்லாமல், ஒரே சீராக, மேற்குப் பக்கமிருந்து கிழக்குப் பக்கமாக வானத்தைக் கடந்து போகிறதா? சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது, அதிகபட்சம் ஆறு நிமிடம் தெரியும். அதற்கென்று விளக்கு கிடையாது. நமக்கு இருட்டிவிட்டது, 400 கிலோமீட்டர் மேலே இன்னும் வெயில் அடிக்கிறது, அந்த வெயில் பட்டுத்தான் மின்னுகிறது. அதனால்தான் பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், அல்லது விடிவதற்கு அதே அளவு முன்னால் மட்டும் பார்க்கலாம். பாதி வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே மங்கி அணைந்து போனால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. என்றைக்கு எத்தனை மணிக்கு உங்கள் ஊருக்கு மேலே வரும் என்று நாசா முன்கூட்டியே அறிவிக்கிறது.

ரயில்பெட்டி மாதிரி ஒரே கோட்டில் இருபது முப்பது புள்ளிகள் போனால், ஸ்டார்லிங்க், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பினார்கள், அன்றிலிருந்து உலகம் முழுக்க இந்தக் கேள்விதான். ஏவிய சில நாள் மட்டும் இப்படி வரிசையாகத் தெரியும், பிறகு உயரம் ஏறிப் பிரிந்துவிடும்.

ஒரு விநாடி கோடு போட்டு மறைந்தால் எரிகல். அதே கோடு ஒரு நிமிடம்போல நிதானமாக, துண்டு துண்டாக உடைந்து, வால் விட்டுக்கொண்டு வானத்தின் குறுக்கே போனால், அது பெரும்பாலும் எரிகல் இல்லை, சுற்றுப்பாதையிலிருந்து விழும் ராக்கெட் பாகம். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பல்லாயிரம் பேர் வீடியோ எடுத்தது அப்படி ஒரு சீன ராக்கெட்டின் மிச்சம், சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பெரிய உலோக வளையமே வந்து விழுந்தது. சென்னைக்காரர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் கிளம்புகிற ராக்கெட்டே அவ்வப்போது காட்சி தரும்.

இப்போது நகராமல் நிற்பவற்றுக்கு வருவோம். நிஜமாகவே குழப்புவது இவைதான்.

நட்சத்திரமா கிரகமா என்று பார்க்க, மினுமினுப்பைப் பாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். சரிதான். நட்சத்திரம் எவ்வளவு பெரிதானாலும் அவ்வளவு தூரத்தில் வெறும் புள்ளி, அந்த ஒற்றை ஒளிக்கீற்றைக் காற்றின் சூடான பகுதியும் குளிர்ந்த பகுதியும் மாறி மாறி வளைப்பதால் மினுக்குகிறது. கிரகம் கண்ணுக்குப் புள்ளிதான் என்றாலும் உண்மையில் ஒரு சிறு வட்டு. வியாழன் நன்றாகத் தெரியும் காலத்தில் நிலாவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கு இருக்கும், அந்த வட்டின் ஒரு மூலையிலிருந்து வரும் ஒளி தடுமாறினாலும் இன்னொரு மூலை ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சொல்லாத ஒன்று உண்டு: அடிவானத்துக்கு ஒரு முஷ்டி உயரத்துக்குள் இருந்தால் கிரகமும் மினுக்கும், வெள்ளிகூடச் சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும், ஏனென்றால் அங்கே காற்றின் படலம் பல மடங்கு தடிமன். எனவே மேலே இருந்தால் மட்டும் இந்த விதியை நம்புங்கள்.

அடுத்தது பாதை. கிரகங்கள் எல்லாம் சூரியன் போகிற தடத்தை ஒட்டியே போகும், வேறு எங்கும் திரியாது. நம் ஊரில் அந்தத் தடம் தலைக்கு மேலேயும் அதற்குச் சற்றுத் தெற்கேயும் வடக்கேயுமாகப் போகிறது. வடக்கு அடிவானத்திலோ, நேர் தெற்கே தாழ்வாகவோ ஒன்று பளிச்சென்று தெரிந்தால் அது கிரகம் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தை, மாசி இரவுகளில் தெற்கே தாழ்வாக ஒன்று தகதகக்கும். அது அகத்திய நட்சத்திரம், வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். சென்னையிலிருந்து பார்த்தால் அதிகபட்சம் இரண்டரை முஷ்டி உயரம்தான் ஏறும். லண்டனில் இருக்கும் உங்கள் மச்சானுக்கு அது எந்தக் காலத்திலும் தெரியாது. அதே நாட்களில் அதற்கு மேலே இருப்பதுதான் முதல் இடத்துக்காரரான சிரியஸ், பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களை இணைத்துக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் அதில் போய் முட்டும். வெள்ளை, நீலம், சிவப்பு என்று வைரம் மாதிரி நிறம் மாற்றி மாற்றி மினுக்கும். 'கலர் கலராக லைட் அடிக்கும் டிரோன்' என்று எனக்கு வீடியோ அனுப்பியவர்களில் பலர் அனுப்பியது இதைத்தான்.

எந்தக் கிரகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆப் இருக்கிறது, ஸ்டெல்லேரியம் மாதிரி இலவசமாகவே கிடைக்கிறது. போனை வானத்துக்கு நேரே பிடித்தால் பெயர் காட்டும். ஆனால் போனுக்குள் இருக்கும் திசைகாட்டி இரும்புக் கதவு, கைப்பிடிக் கம்பி, காந்தம் வைத்த போன் உறை, எதன் பக்கத்திலும் உளறும், இருபது முப்பது டிகிரி தள்ளிக் காட்டிவிட்டு நம்பிக்கையோடு தப்பான பெயரைச் சொல்லும். அதனால் நான் ஆப்பைத் திறப்பதற்கு முன் பார்ப்பது வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரையும் பஞ்சாங்கத்தையும்தான். சிரிக்காதீர்கள். ராசிக்கட்டம் என்பது வானத்தின் வரைபடம். ஜோசியத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பன்னிரண்டு கட்டங்கள் சூரியனின் தடத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தவை, எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்பது சுத்தமான கணக்கு. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சில டிகிரிகள்தான், கண்ணால் தேடுகிற வேலைக்கு அது ஒரு பொருட்டில்லை.

சூரியன் இருக்கும் கட்டத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். ஒரு கிரகம் இரண்டாவது, மூன்றாவது கட்டத்தில் இருந்தால் சூரியன் மறைந்த பிறகு மேற்கே தெரியும். நான்காவது கட்டம் என்றால் பொழுது சாயும்போது அது ஏறக்குறைய தலைக்கு மேலே. ஏழாவது என்றால் சூரியனுக்கு நேரெதிர்: சூரியன் மேற்கே இறங்கும்போது அது கிழக்கே ஏறும், நடுநிசியில் உச்சியில், விடியலில் மேற்கே. பத்தாவது என்றால் நடுநிசி வாக்கில் எழுந்து விடியும்போது உச்சியில் நிற்கும். பதினொன்று, பன்னிரண்டு என்றால் விடியற்காலைக் கிழக்கு. உதாரணத்துக்கு, 2026 ஜனவரி 10. மார்கழி மாதம், சூரியன் தனுசில். குரு, அதாவது வியாழன், மிதுனத்தில். தனுசிலிருந்து எண்ணினால் மிதுனம் ஏழாவது. அன்று வியாழன் சரியாக நேரெதிரே வந்து, மாலையில் கிழக்கே எழுந்து இரவு முழுவதும் வானத்தை ஆண்டது. ராகு கேதுவை மட்டும் மேலே தேடாதீர்கள், அவை நிலாவின் பாதை சூரியன் தடத்தை வெட்டும் இரண்டு புள்ளிகள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

இந்த ராசிக்கட்டத்தில் வெள்ளிக்கு ஒரு குணம் உண்டு. சுக்கிரன் என்று போட்டிருக்குமே, அது சூரியனை விட்டு இரண்டு கட்டத்துக்கு மேல் தள்ளிப் போனதாக எந்தப் பஞ்சாங்கத்திலும் பார்க்க முடியாது. பூமியைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றுவதால், இங்கிருந்து பார்க்கச் சூரியனிலிருந்து 47 டிகிரிக்கு மேல் அதனால் விலக முடியாது. எனவே பொழுது சாய்ந்து அதிகபட்சம் மூன்று மணி நேரம், இல்லாவிட்டால் விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்பு, அவ்வளவுதான் அதன் ஆட்டம். நடுநிசியில் தலைக்கு மேலே பளிச்சென்று தெரிவது எக்காரணத்தாலும் வெள்ளி இல்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் அதை மிஞ்ச நிலாவைத் தவிர வேறு கிரகமோ நட்சத்திரமோ கிடையாது, உச்சத்தில் இருக்கும்போது சிரியஸைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் பிரகாசம், நல்ல இருட்டில் வெள்ளைச் சுவரில் நம் நிழலே விழும். விடிவெள்ளி என்று ஒரு பெயரை நம் ஆட்கள் வைத்துவிட்டதால் சாயங்காலம் மேற்கே வரும்போது பலருக்கு அதே ஆசாமி என்று உறைப்பதில்லை. சில மாதங்கள் மாலையில் நிற்கும், பிறகு சில வாரங்களிலேயே சரசரவென்று இறங்கிச் சூரியனுக்குள் மறைந்து, மறுபக்கம் விடியலில் எழும். திடீரென்று ஒரு நாள் 'புதுசாக' ஒன்று வந்துவிட்டது என்று தோன்றுவது இதனால்தான். முழுச் சுற்று 584 நாட்கள். மாலையில் தாழ இறங்கத் தொடங்கும் நாட்களில் சாதாரணப் பைனாகுலரில் பாருங்கள், பிறை தெரியும்.

வியாழனுக்கும் பைனாகுலர் போதும். கையை எதன் மேலாவது ஊன்றிக்கொண்டு பார்த்தால் பக்கத்தில் ஒரே கோட்டில் இரண்டு, மூன்று, சில நாள் நான்கு புள்ளிகள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலாக்கள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். இதைவிட உறுதியான அடையாள அட்டை எந்தக் கிரகத்துக்கும் இல்லை.

சனி மங்கிய மஞ்சள், வளையம் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும், வெறுங்கண்ணால் யாரும் அதைப் பார்த்துப் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை. செவ்வாய் 26 மாதத்துக்கு ஒரு முறை நெருங்கி வந்து ஆரஞ்சாக எரியும், மற்ற நாட்களில் கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிடும். அதைப் பற்றி ஆகஸ்ட் மாதமானால் ஒரு செய்தி வாட்சாப்பில் வரும், ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும், வானத்தில் இரண்டு நிலா என்று. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் உண்மையிலேயே 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு நெருங்கி வந்தது, 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அளவில் இருக்கும் என்று அப்போது எழுதினார்கள். யாரோ தொலைநோக்கியை மட்டும் கழட்டிவிட்டார்கள். செய்தி இன்னமும் சுற்றுகிறது.

போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. படத்தில் உருண்டையாக, உள்ளே வளையங்களோடு, ஏதோ விண்கலம் மாதிரி ஒன்று தெரியும். அது லென்ஸ் குவியாமல் போனதால் விரிந்த புள்ளி. இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியைக் குவிக்க போன் திணறும். படத்தில் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் புள்ளி ஒன்று கூடுதலாக இருந்தால், படத்தின் மையத்துக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள், தெருவிளக்கோ நிலாவோ இருக்கும், அதன் பிரதிபலிப்புதான் அது. எனக்கு அனுப்புகிறவர்களிடம் படம் வேண்டாம், மணியும் திசையும் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறேன், யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் மறுநாள் அதே நேரம் அதே இடத்தில் போய் நில்லுங்கள். நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும், கிரகமும் ஏறத்தாழ அப்படியே. செயற்கைக்கோள் அதே இடத்தில் அதே நேரத்தில் வராது, விமானமும் வராது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் மொட்டைமாடியிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து இரவு எட்டு மணிக்கு, நேர் வடகிழக்கில், மூன்று முஷ்டி உயரத்தில், மினுக்காமல் ஒன்று நின்றது. வடகிழக்கில் அவ்வளவு தள்ளிக் கிரகம் வராது, மினுக்காததால் நட்சத்திரம் என்றும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உடனே கீழே ஓடிக் கட்டத்தையும் ஆப்பையும் புரட்டினேனே தவிர, ஊருக்கெல்லாம் சொல்லும் சுவர் வைத்தியத்தை நான் செய்யவில்லை. நான்காம் நாள் தண்ணீர்த் தொட்டியில் தலையைச் சாய்த்து நின்றேன். மூன்று நிமிடம் அசையவே இல்லை. நான்காவது நிமிடம் மெதுவாக இடப்பக்கம் திரும்பி, சிவப்பாக ஒரு முறை சிமிட்டிவிட்டு, இறக்கையைக் காட்டிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த விமானம் கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.